புங்க எண்ணெயிலிருந்து டீசல்

சாலையோரப் புங்க மரத்தின் விதையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு எண்ணெய்தான். சமையலுக்கு உதவாது, ஆனால் பயோடீசலாகும். எண்ணெயோடு மெத்தனாலும் சிறிது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற காரமும் சேர்த்துச் சூடாக்கிக் கலக்கினால், பயோடீசல் மேலே நிற்கும், கிளிசரின் அடியில் தங்கும். 60 டிகிரி செல்சியஸ் சூடு போதும். 65-ஐ எட்டினால் மெத்தனால் கொதித்துவிடும்.

வில்லங்கம் வேறிடத்தில். நாள்பட்ட, ஈரம் பட்ட விதையின் எண்ணெயில் கொழுப்பு அமிலம் கூடிவிடும். அதில் நேரே காரத்தைச் சேர்த்தால் டீசலுக்குப் பதில் சோப்புதான் திரளும்! அதனால் முதலில் மெத்தனாலும் சிறிது கந்தக அமிலமும் கொண்டு கொழுப்பு அமிலத்தைக் குறைத்துக்கொள்கிறார்கள். கூடுதல் செலவுதான். விதையை நன்றாகக் காயவைத்துச் சேமிப்பதே மலிவான வழி. மெத்தனால் நஞ்சு, சட்டென்று தீப்பற்றும்; வீட்டில் இதைச் செய்து பார்க்காதீர்கள்.