மின்மிதிவண்டி மாற்று மின்கலம்

மின்மிதிவண்டி மாற்று மின்கலம் என்பது மின்மிதிவண்டி, மின் ஸ்கூட்டர் ஆகியவற்றில் திறன் குன்றிய மின்கலத் தொகுதிக்கு (பாட்டரி) மாற்றாகப் பொருத்தப்படுவது ஆகும்.

வகைகள்

- ஈய-அமில மின்கலம்: விலை குறைவு, எடை மிகுதி. ஏறத்தாழ 300 முதல் 500 முறை மின்னேற்றலாம். நான்கு 12 வோல்ட் மின்கலங்கள் தொடராக இணைந்து 48 வோல்ட் தரும். ஒன்றை மட்டும் மாற்றினால் பழையவை புதியதையும் விரைவில் கெடுக்கும். எனவே நான்கையும் ஒருசேர மாற்றுவர்.
- லித்தியம் இரும்பு பாஸ்பேட் மின்கலம்: விலை மிகுதி. எனினும் 1000 முறைக்கு மேல் மின்னேற்றலாம் என்பதால் நாளடைவில் இதுவே மலிவாக அமையக்கூடும்.

தெரிவு

புதிய தொகுதியின் மின்னழுத்தம் பழையதற்குச் சமமாக இருத்தல் வேண்டும். 48 வோல்ட், 20 ஆம்பியர்-மணி தொகுதி 960 வாட்-மணி ஆற்றலைச் சேமிக்கும். லித்தியத்திற்கு மாறும்போது அதற்குரிய மின்னேற்றியையும் வாங்கவேண்டும்.

பாதுகாப்பு

2022 மார்ச்சில் வேலூரில், வீட்டில் மின்னேற்றத்தில் இருந்த மின் ஸ்கூட்டர் தீப்பற்றியதில் தந்தையும் மகளும் மூச்சுத்திணறி இறந்தனர். அவ்வாண்டு டிசம்பர் 1 முதல் இத்தகைய ஊர்திகளின் மின்கலங்களுக்கான ஏ.ஐ.எஸ். 156 தரம் கடுமையாக்கப்பட்டது. தறியும் பட்டு நூலும் வீட்டினுள்ளேயே இருக்கும் தேவிகாபுரம் போன்ற நெசவு ஊர்களில், வாயிலை மறிக்காத, காற்றோட்டமுள்ள இடத்தில், விழித்திருக்கும் வேளையில் மின்னேற்றுவதே நன்று. உப்பிய மின்கலத்தை மின்னேற்றலாகாது.