முதல் கேமராவுக்கு எதைப் பார்த்துக் காசு கொடுப்பது?

2012-ல் வெளியான ‘வழக்கு எண் 18/9’ படத்தைத் திரையரங்கில் பார்த்தவர்கள் பலருக்கு, கல்யாண வீட்டு போட்டோகிராபரின் கழுத்தில் தொங்குகிற மாதிரியான கேமராவில்தான் அது எடுக்கப்பட்டது என்று தெரிந்திருக்காது. கேமரா, கேனான் 7டி. ஒளிப்பதிவு, விஜய் மில்டன். சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதும் அதற்குக் கிடைத்தது. மூன்று ஆண்டுகள் கழித்து அமெரிக்காவில் வெளியான ‘டேஞ்சரின்’ படத்தை இயக்குநர் ஷான் பேக்கர் ஐபோன் 5எஸ்-லேயே எடுத்திருந்தார்.

அப்படியானால் கையில் இருக்கும் போன் போதாதா? படம் எடுக்கப் போதும். ஒளியைக் கற்றுக்கொள்ளத்தான் போதாது. பெரும்பாலான போன்களில் லென்ஸின் ஒளித்துளையான அப்பர்ச்சர் மாறவே மாறாது. பின்னணி மங்குவதுகூட மென்பொருளின் கணக்கு. ஷட்டர், அப்பர்ச்சர், ஐ.எஸ்.ஓ. மூன்றையும் கையால் திருப்பி, படம் வெளிறிப்போவதையும் இருண்டுபோவதையும் கண்ணால் பார்க்கும்போதுதான் பாடம் மனதில் நிற்கும். வீடியோவில் இது இன்னும் கடினம். நொடிக்கு 25 ஃபிரேம் என்றால் ஷட்டர் வேகத்தை 1/50 நொடியில் வைப்பது வழக்கம். அசைவு இயல்பாகத் தெரியும். ஆனால் சித்திரை மாத நண்பகலில் 1/50 வைத்தால் ஃபிரேம் முழுக்க வெள்ளையாகிவிடும். ஷட்டர் வேகத்தைக் கூட்டினால் அசைவு வெட்டி வெட்டித் தெரியும். அப்பர்ச்சரைச் சுருக்கினால் பின்னணியும் துல்லியமாகிவிடும். லென்ஸுக்கு முன்னால் என்.டி. ஃபில்டர் மாட்டி ஒளியைக் குறைப்பதே வழி. ஒளிப்பதிவுப் படிப்பு தொடங்குவதே இந்த இடத்தில்தான்.

எனவே இவற்றைக் கையால் மாற்றும் மேனுவல் வசதி முதல் தேவை. அடுத்தது, பலர் பார்க்கத் தவறும் ஒன்று: மைக் மாட்டும் துளை. கேனான் 1500டி, நிக்கான் டி3500, சோனி ஏ6000 மூன்றும் நல்ல போட்டோ கேமராக்கள். மூன்றிலும் அந்தத் துளை கிடையாது. 2017-ல் வந்த கேனான் 200டி-யில் உண்டு. திரும்பும் திரையும், வீடியோவில் ஆளைத் தடுமாறாமல் பின்தொடரும் ஆட்டோஃபோகஸும் அதில் கூடுதல். குறும்படக் கனவோடு செகண்ட் ஹேண்டில் தேடுபவருக்கு இது நல்ல தேர்வு.

பெட்டியில் ‘4கே’ என்று இருப்பதற்காக மட்டும் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை. கேனான் எம்50-ல் 4கே உண்டு. ஆனால் அதைப் போட்டதும் காட்சியின் ஓரங்கள் வெட்டுப்படும், அந்த நல்ல ஆட்டோஃபோகஸும் வேலை செய்யாது. பழக ஃபுல் எச்.டி. தாராளம்.

மிச்சமாகும் பணம் லென்ஸுக்குப் போகட்டும். கேமராவோடு வரும் 18-55 லென்ஸை 55-க்கு இழுத்தால் அப்பர்ச்சர் எஃப்/5.6-க்கு மேல் திறக்காது. எஃப்/1.8 லென்ஸ் அதைவிடச் சுமார் பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும். தெருவிளக்கு வெளிச்சத்தில் ஒரு முகத்தைப் படமாக்க முடிவதும் முடியாமல் போவதும் இந்த வித்தியாசத்தால்தான். கேனானின் 50 எம்.எம். எஃப்/1.8, விலை குறைந்த லென்ஸ்களில் ஒன்று. 200டி போன்ற சிறிய சென்சார் கேமராவில் அது 80 எம்.எம். பார்வையைத் தரும், முகங்களுக்கு அருமை, சிறிய அறைக்குள் நெருக்கடி. வீட்டுக்குள்ளேயே கதை நடந்தால் 24 எம்.எம். நல்லது. பின்னாளில் கேனானின் மிர்ரர்லெஸ் ஆர் வகைக்கு மாறினாலும், ஓர் அடாப்டர் இருந்தால் இதே லென்ஸ்களைத் தொடர்ந்து பயன்படுத்தலாம்.

பழைய கேமரா வாங்கும்போது ஷட்டர் எத்தனை முறை இயங்கியிருக்கிறது என்று கேட்பது அவசியம். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் அதைவிடப் பெரிய எதிரி பூஞ்சை. லென்ஸின் பின்பக்கமிருந்து டார்ச் அடித்துப் பார்த்தால், பூஞ்சை இருந்தால் கண்ணாடிக்குள் சிலந்தி வலை போல மெல்லிய இழைகள் தெரியும். அப்படித் தெரிந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்த லென்ஸை விட்டுவிட வேண்டும். நல்ல லென்ஸ் கிடைத்தால், வீட்டில் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்துக்கொள்ளலாம்.