சாலையோரத் தென்னையில் தஞ்சாவூர் வாடல் நோய்

திருப்பூர் மாவட்டத்தில் உடுமலை, மடத்துக்குளம் பகுதிகளில் பல இடங்களில் தென்னந்தோப்பை ஒட்டியே சாலை செல்கிறது. பனியன் கம்பெனி வேன்களும் ஆட்களும் போய்வரும் வழியில் அடி அழுகிய தென்னை நிற்பது ஆபத்தாகும்.

1952-ல் தஞ்சை மாவட்டத்தில் புயலுக்குப் பின் காணப்பட்டதால் 'தஞ்சாவூர் வாடல்' எனப் பெயர் பெற்ற இந்நோயை கானோடெர்மா என்னும் பூசணம் உண்டாக்குகிறது. அடிமட்டைகள் மஞ்சளாகித் தொங்கும். அடித்தண்டில் செம்பழுப்பு நீர் வடியும். நோய் முற்றினால் தூரில் காளான் முளைக்கும்.

ஆரம்பத்திலேயே கண்டால், மரத்திற்கு 40 லிட்டர் வீதம் 1 சத போர்டோ கலவையை வேர்ப்பகுதி நனைய ஊற்றலாம். 5 கிலோ வேப்பம் புண்ணாக்கும் இடலாம்.

முற்றிய மரத்தை அகற்றியே ஆகவேண்டும். அதில் ஆள் ஏறக்கூடாது. கிரேன் உதவியுடன் கயிறு கட்டி, தோட்டத்துப் பக்கமே சாய்க்க வேண்டும். மின்கம்பி அருகிலிருந்தால் மின்வாரியத்திடம் கூறி, மின்சாரத்தை நிறுத்திய பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். சாலையின் இருபுறமும் ஆள் நிறுத்தி வண்டிகளை மறிப்பது அவசியம். சாலைப் புறம்போக்கில் உள்ள மரமாயின், உரிய துறையின் அனுமதி தேவை.

தூரையும் வேரையும் தோண்டி எரித்துவிடவும். பக்கத்து மரங்களுக்கு வேர் வழியே நோய் பரவாதிருக்க 2 அடி ஆழம், 1 அடி அகலத்தில் சுற்றிலும் அகழி எடுக்கவும். மரத்தை வெட்டித் தூரை விட்டுவைத்தால், நோயையும் விட்டுவைத்ததாகும்.