நின்ற வண்டியும் தீர்ந்த பாட்டரியும்

2020-ஆம் வருஷம் மார்ச்சு 25-ந் தேதி நாடெங்கும் ஊரடங்கு அமுலுக்கு வந்தபோது, மனிதர்கள் வீட்டுக்குள் அடைபட்டார்கள். அவர்களுடைய மோட்டார் வண்டிகள் வாசலில் அடைபட்டன. தமிழ் நாட்டில் ஒரு ஜில்லாவிலிருந்து மற்றொரு ஜில்லாவுக்குப் போக அநுமதிச் சீட்டு வேண்டும் என்ற நிபந்தனை, செப்டம்பர் முதல் தேதியன்றுதான் நீங்கிற்று. அதற்குள் அநேகம் குடும்பங்களுக்கு ஒரு விசித்திர அநுபவம் ஏற்பட்டுவிட்டது. சாவியைத் திருப்பினால் வண்டி 'டிக், டிக்' என்று இரண்டு முறை சொல்லிவிட்டு மௌனம் சாதித்தது. பெட்ரோல் இருந்தது, யந்திரத்தில் பழுதில்லை. பாட்டரி மட்டும் உயிரை விட்டிருந்தது.

ஊரடங்கு போய்விட்டது. ஆனால் வண்டிகள் நிற்பது நிற்கவில்லை. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்திலுள்ள நம் வன்னியம்பட்டி போன்ற ஊர்களில், பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் அயல் நாடுகளிலும் உத்தியோகம் பார்க்க, வயது முதிர்ந்த தாய் தந்தையர் மட்டும் வீட்டில் இருப்பது இப்போது சர்வ சாதாரணம். வாசலில் உறை போட்டு மூடிய கார் ஒன்று நிற்கும். பொங்கலுக்கும் ஆடிப்பூரத்துக்கும் பிள்ளைகள் வந்தால் ஓடும். மற்ற நாட்களில் 'ஆபத்துக்கு இருக்கட்டும்' என்று நிற்கும். நள்ளிரவில் பெரியவருக்கு நெஞ்சு வலி கண்டு, ஓட்டத் தெரிந்த பக்கத்து வீட்டுப் பையனை எழுப்பி அழைத்து வந்து பார்க்கும்போதுதான் அந்த 'டிக், டிக்' கேட்கிறது. 108-க்குச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். என்றாலும் ஆபத்துக்கென்று வாங்கி வைத்த பொருள், ஆபத்து வந்த அந்த ஒரு நாளில் கை கொடுக்காமற் போவதை என்னவென்று சொல்வது!

நிற்கிற வண்டியில் பாட்டரி ஏன் தீர வேண்டும்? காரணங்கள் இரண்டு.

முதற் காரணம் பாட்டரியின் பிறவிக் குணம். 1859-ல் பிரெஞ்சுக்காரரான கஸ்டோன் பிளாந்தே கண்டுபிடித்த ஈய பாட்டரியின் வம்சம்தான் இன்றும் பெரும்பாலான மோட்டார்களில் இருக்கிறது. ஈயத் தகடுகள் கந்தக அமிலம் கலந்த நீரில் மூழ்கியிருக்கின்றன. ஆறு அறைகள், அறைக்கு இரண்டு வோல்ட்டுக்குச் சற்று அதிகம். வேலை ஒன்றும் வாங்காமல் விட்டாலும் உள்ளுக்குள் ரசாயன மாறுதல் நடந்துகொண்டே இருக்கும். குளிர்ந்த இடத்தில் மாதத்துக்கு நூற்றுக்கு 3 முதல் 5 பங்கு வரை சக்தி தானாகவே குறைகிறது. உஷ்ணம் 10 டிகிரி கூடினால் இந்த நஷ்டம் ஏறக்குறைய இரட்டிக்கும். நம் பக்கத்துச் சித்திரை வெயிலில் நாள் முழுதும் காயும் வண்டிக்கு என்ன கதி என்பதை நேயர்களே ஊகித்துக் கொள்ளலாம்.

இரண்டாவது காரணம் இதைவிடப் பெரியது. இக்காலத்து வண்டி, சாவியை எடுத்த பிறகும் முழுதும் உறங்குவதில்லை. கடிகாரம் ஓடுகிறது, திருட்டு மணி காவல் காக்கிறது, தூரத்திலிருந்தே கதவைத் திறக்கும் சாவியின் சமிக்ஞைக்காக ஒரு கருவி காத்திருக்கிறது, யந்திரத்தை நடத்தும் கம்ப்யூட்டர் தன் ஞாபகத்தைக் காப்பாற்றிக் கொள்கிறது. எல்லாம் சேர்ந்து குடிப்பது ஓர் ஆம்பியரில் ஆயிரத்தில் 30 பங்கு என்று வைத்துக் கொள்வோம். மிகவும் சொற்பம் அல்லவா? பள்ளிக்கூடத்துக் கணக்காகப் போட்டுப் பார்த்தால் அப்படித் தோன்றாது. நாளைக்கு 24 மணி வீதம் அது 0.72 ஆம்பியர்-மணி ஆகிறது. முப்பது நாளில் 21.6. சிறிய கார்களில் வழக்கமாக உள்ள 45 ஆம்பியர்-மணி பாட்டரியில் இது ஏறக்குறையப் பாதி! இரண்டு மாதத்தில் பாட்டரி காலி. அதற்கு முன்னமே வண்டி கிளம்ப மறுத்துவிடும்.

காலியானால் மறுபடி ஏற்றிக் கொள்ளலாமே என்று கேட்கலாம். அங்கேதான் உண்மையான நஷ்டம் இருக்கிறது. சக்தி குறையக் குறையத் தகடுகளின் மேல் ஈய ஸல்பேட் என்ற வெண்மையான பொருள் படிகிறது. உடனே மின்சாரம் ஏற்றினால் அது கரைந்துவிடும். வாரக் கணக்கில் அப்படியே விட்டால் பெரிய கற்கண்டுகளாக இறுகி, தகடுகளை மூடிக் கொள்ளும். பிறகு எவ்வளவு ஏற்றினாலும் பாட்டரி பழைய பலத்தைப் பெறாது. நாலைந்து வருஷம் உழைக்க வேண்டிய பாட்டரி ஒன்றரை வருஷத்தில் பழைய சாமான் கடைக்குப் போவது இப்படித்தான்.

இதற்கு வீடுகளில் ஒரு வைத்தியம் வழங்கி வருகிறது. வாரத்துக்கு ஒருநாள் யாராவது வந்து வண்டியைக் கிளப்பி, நின்ற இடத்திலேயே பத்து நிமிஷம் உறுமவிட்டு நிறுத்துவது. இதைச் செய்கிறவர்களின் சிரத்தையை நாம் மெச்சுகிறோம்; வைத்தியத்தை மெச்ச முடியவில்லை. யந்திரம் மெதுவாக ஓடும்போது பாட்டரிக்கு மணிக்குப் பத்து ஆம்பியர்-மணி ஏறுவதாகவே கொள்வோம். பத்து நிமிஷத்தில் ஏறுவது ஒன்றே முக்கால் கூட இல்லை. வாரத்தில் போனதோ ஐந்து. வருமானத்தை மிஞ்சிய செலவு. போதாக்குறைக்கு யந்திரம் நன்றாகச் சூடேறுமுன் நிறுத்துவதால் எண்ணெயிலும் புகைக் குழாயிலும் ஈரம் தங்குகிறது. மூடிய கொட்டகைக்குள் இதைச் செய்தால் அந்தப் புகை ஆளையே கொல்லும்.

கிளப்பினால் ஓட்ட வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டிக் கிருஷ்ணன்கோவில் வரையில் போய்த் திரும்பினால் பிரயோஜனம் உண்டு. பகலில், குளிர்காற்று யந்திரத்தைப் போடாமல் ஓட்டுவது இன்னும் நல்லது. வீட்டுப் பெரியவர்களுக்கும் வெளிக் காற்று கிடைக்கும்.

ஓட்ட ஆளே இல்லையென்றால், பாட்டரியின் நெகடிவ் முனைக் கம்பியைக் கழற்றி விடுவதே சுலபமான வழி. பத்தாம் நம்பர் ஸ்பானர் ஒன்று பெரும்பாலும் போதும். நெகடிவ் என்று ஏன் அழுத்திச் சொல்கிறோம் என்றால், வண்டியின் இரும்பு உடல் முழுதும் அந்த முனையோடு சேர்ந்திருக்கிறது. பாஸிடிவ் முனையை முதலில் கழற்றப் புகுந்து, கையிலுள்ள ஸ்பானர் உடலைத் தொட்டுவிட்டால் தீப்பொறி பறக்கும். ஆகவே கழற்றும்போது நெகடிவ் முதலில். மாட்டும்போது அதுவே கடைசியில். வண்டிச் சாவியைக் கையிலேயே வைத்துக் கொள்ள வேண்டும். சில வண்டிகள் மின்சாரம் போனதும் பின் கதவைத் திறக்க விடுவதில்லை. கடிகாரத்தை மறுபடி சரி செய்ய நேரும். அது பெரிய சிரமமன்று.

கழற்றி வைத்த பாட்டரியும் தானாகக் குறையும் என்று மேலே சொன்னோம். ஆகையால் பத்து ரூபாய்க்கும் நூறு ரூபாய்க்கும் கணக்குப் பார்க்கும் நாம், சில நூறு ரூபாயில் ஒரு வோல்ட் மீட்டர் வாங்கி வைத்துக் கொள்வது நலம். வண்டி சில மணி நேரம் சும்மா நின்ற பிறகு பார்த்தால், முழு பாட்டரி 12.6 வோல்ட் அல்லது அதற்குச் சற்று மேல் காட்டும். 12.4-க்கு இறங்கினால் மின்சாரம் ஏற்ற வேண்டும். 12.2 என்றால் பாதி போய்விட்டது. 12-க்குக் கீழே போகவிடுவது பாட்டரியைக் கைவிடுவதற்குச் சமானம்.

மாதக் கணக்கில் ஊரில் இல்லாதவர்களுக்கென்றே, பாட்டரி நிறைந்ததும் தானே அடங்கி, 13.5 வோல்ட் அளவில் சொட்டுச் சொட்டாக ஏற்றிக் காக்கும் சார்ஜர்கள் வந்திருக்கின்றன. பழைய மாதிரி சார்ஜரை நாட் கணக்கில் மாட்டி வைப்பது தவறு. உள்ளிருக்கும் நீர் வற்றிப்போகும். ஏற்றும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவருமாதலால் ஜன்னல் திறந்திருக்க வேண்டும். பீடி, சிகரெட், ஊதுவத்தி அருகே வரக் கூடாது. மூடி திறக்கும் பாட்டரியில் நீர் குறைந்தால் காய்ச்சி வடித்த நீர் மட்டுமே விட வேண்டும். கிணற்று நீரும் ஆகாது, குழாய் நீரும் ஆகாது. அமிலம் விடவே கூடாது.

சிமிட்டித் தரையில் பாட்டரியை வைத்தால் தரை சக்தியை உறிஞ்சிவிடும் என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. மரப் பெட்டியிலும் ரப்பர்ப் பெட்டியிலும் பாட்டரி வந்த காலத்து எச்சரிக்கை அது. இன்றைய பிளாஸ்டிக் பெட்டிக்குப் பலகை தேவையில்லை.

இந்த வித்தையெல்லாம் வெளிநாட்டார் சொத்து என்று யாரும் எண்ண வேண்டாம். காரைக்குடியில் டாக்டர் அழகப்ப செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லக்ஷம் ரூபாயும் கொடுக்க, 1948 ஜூலை 25-ல் பண்டித ஜவாஹர்லால் நேரு அஸ்திவாரக் கல் நாட்டி, 1953 ஜனவரி 14-ல் டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்த மத்திய மின் வேதியியல் ஆராய்ச்சி நிலையம், பாட்டரிகளைப் பற்றி இன்றும் ஆராய்ந்து வருகிறது. ரயிலேறினால் நம் பக்கத்துப் பிள்ளைகள் போய்வரக்கூடிய தூரந்தான். விஞ்ஞானம் படிக்கும் மாணவர்கள் அவசியம் பார்க்க வேண்டிய இடம்.

எவ்வளவு காத்தாலும் ஒருநாள் புது பாட்டரி வாங்கத்தான் வேண்டும். பழையதைக் கடைக்காரரிடமே கொடுத்துவிட வேண்டும். அதற்கு விலையும் கழிப்பார். தெருவில் உடைத்து ஈயம் உருக்குகிறவர்களிடம் கொடுத்தால், அந்த ஈயம் அங்கே விளையாடும் குழந்தைகளின் இரத்தத்தில் சேரும். புதியதை வாங்குமுன் அதன் மேல் குறித்துள்ள தயாரிப்பு மாதத்தைப் பாருங்கள். கடை அலமாரியில் நின்ற பாட்டரியும் நின்ற பாட்டரிதான். ஆறு மாதத்துக்கு மேற்பட்டதானால் வேறு கேளுங்கள். இல்லையேல் வோல்ட் மீட்டரை வைத்துப் பார்த்து, முழுதும் ஏற்றித் தரச் சொல்லி வாங்குங்கள்.