நான்கு நிமிடங்களும் ஐம்பது நாட்களும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்)

பிராணவாயு கிடைக்காவிடில் நான்கு முதல் ஆறு நிமிடங்களில் மூளையின் உயிரணுக்கள் சிதையத் தொடங்கும் என்று உடற்செயலியலில் படிக்கிறோம். தேர்வில் எழுதி இரண்டு மதிப்பெண் வாங்கிக்கொண்டு மறந்தும் விடுகிறோம். இந்த ஒரு வரியை முதலாக வைத்து நடக்கும் தொழில் ஒன்று உண்டு. 108 வண்டியின் பின்பகுதியில், நோயாளியின் தலைமாட்டில் அமர்ந்து வருகிறாரே, அந்த மருத்துவ உதவியாளரின் தொழில்தான் அது. அவரை ‘கம்பவுண்டர்’ என்று எண்ணுவோரும் உண்டு, ‘நர்ஸ்’ என்று எண்ணுவோரும் உண்டு. அவர் நம்மைப் போல விலங்கியலோ தாவரவியலோ படித்தவராகவும் இருக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது.

ஆந்திராவில் 2005ஆம் ஆண்டு தொடங்கிய 108 சேவை, தமிழகத்துக்கு 2008 செப்டம்பரில் வந்தது. அண்மை ஆண்டுகளில் வெளிவந்த ஆள்தேர்வு அறிவிப்புகளில் நர்சிங், ஆய்வக நுட்பம் படித்தவர்களோடு விலங்கியல், தாவரவியல், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல் பட்டதாரிகளும் விண்ணப்பிக்கலாம் என்று கண்டிருந்தது. எழுத்துத் தேர்வு, உடற்கூறியல் பற்றிய நேர்முகம் ஆகியவற்றைத் தாண்டினால் ஐம்பது நாள் பயிற்சி. வகுப்பறையில் கொஞ்சம், மருத்துவமனையில் கொஞ்சம், ஓடும் வண்டியில் கொஞ்சம். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். “பூச்சியும் தவளையும் படித்து என்ன வேலைக்குப் போவாய்?” என்ற கேள்விக்கு, சொல்லிக்கொள்ளும்படியான பதில் ஒன்று இதில் கிடைத்தது.

பயிற்சியின் தலையாய பாடம் மூச்சுவழி. நினைவிழந்து மல்லாந்து கிடப்பவனின் நாக்கு தளர்ந்து பின்னே சரிந்து தொண்டையை அடைத்துவிடும். நெற்றியில் ஒரு கை வைத்துத் தலையைச் சாய்த்து, மறுகையால் தாடையை உயர்த்தினால் வழி திறக்கும். கழுத்தெலும்பு முறிந்திருக்குமோ என்ற ஐயம் இருந்தால் தலையைச் சாய்க்காமல் தாடையை மட்டும் முன்னே தள்ளவேண்டும். கேட்க எத்தனை எளிது! ஆனால் இதை நிலைநாட்ட 1950களில் பீட்டர் சஃபார் என்ற மயக்கவியல் மருத்துவர், தசைகளைச் செயலிழக்கச் செய்யும் மருந்தை ஏற்றுக்கொள்ள முன்வந்த தொண்டர்களை வைத்துச் சோதனை நடத்தவேண்டியிருந்தது. நாம் வெளிவிடும் மூச்சில் இன்னும் 16 விழுக்காடு பிராணவாயு எஞ்சியிருக்கிறது. அது இன்னொருவரை உயிரோடு வைக்கப் போதும்.

அடுத்தது நின்ற இதயத்தை வெளியிலிருந்து இயக்குவது. மார்பெலும்பின் கீழ்ப்பாதியில் கைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, முழங்கையை மடக்காமல், 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம் அழுத்தவேண்டும். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. முப்பது அழுத்தத்துக்கு இரண்டு மூச்சு. ஒவ்வோர் அழுத்தத்துக்குப் பின்னும் மார்பை முழுதாக மேலெழ விடவேண்டும். அந்த இடைவெளியில்தான் இதயத்துக்குள் இரத்தம் நிரம்புகிறது. இரண்டு நிமிடத்தில் எவருக்கும் கை ஓயும். ஆகவே ஆள் மாற்றிக்கொள்ளச் சொல்லித் தருகிறார்கள். பழகுவதற்கு ஒரு பொம்மை உண்டு. 1960இல் அதைச் செய்தவர் நார்வே நாட்டுப் பொம்மைத் தயாரிப்பாளர் லேர்தால். பாரிஸில் சேன் ஆற்றில் மூழ்கி இறந்ததாகச் சொல்லப்படும் பெயர் தெரியாத பெண்ணொருத்தியின் முகவார்ப்பையே அதன் முகமாக வைத்தார்.

இரத்தப்போக்கை நிறுத்துதல், முறிந்த காலுக்குச் சிம்பு கட்டுதல், சர்க்கரை அளவு பார்த்தல் எல்லாம் பயிற்சியில் உண்டு. பாம்புக்கடியில் ‘செய்யாதே’ என்பதே பெரும்பாடம். கீறாதே, வாயால் உறிஞ்சாதே, இறுகக் கட்டாதே. கடிபட்ட உறுப்பை அசைக்காமல் மருத்துவமனை சேர். வண்டியிலேயே பிரசவம் நிகழ்வதும் உண்டு. குழந்தையை முதலில் துடைத்து உலர்த்திச் சூடாக வைக்கவேண்டும். அந்தத் துடைப்பிலேயே பெரும்பாலான குழந்தைகள் வீறிட்டு அழுதுவிடும். பிறகு முதல் நிமிடத்திலும் ஐந்தாம் நிமிடத்திலும் நிறம், நாடி, துலங்கல், தசைநிலை, மூச்சு ஆகிய ஐந்துக்கும் மதிப்பெண் போடவேண்டும். வர்ஜீனியா ஆப்கார் என்ற பெண் மருத்துவர் 1952இல் வகுத்த முறை இது.

மருத்துவப் பட்டம் இல்லாதவனிடம் இத்தனையும் ஒப்படைக்கலாமா? நியாயமான கேள்விதான். இதற்கு விடை தந்தவர்கள் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத்து ஹில் பகுதிக் கறுப்பின மக்கள். 1960களில் அங்கு நோயாளியை ஏற்றிச் சென்றவை போலீஸ் வண்டிகளே. வழியில் கவனிக்க ஆள் இல்லை. அதே சஃபார், 1966இல் தம் மகளை ஆஸ்துமாவுக்குப் பறிகொடுத்தவர், மறு ஆண்டே ‘ஃப்ரீடம் ஹவுஸ்’ என்ற அமைப்போடு சேர்ந்து, வேலையற்றுக் கிடந்தவர்களைத் தேர்ந்தெடுத்தார். பள்ளிப் படிப்பை முடிக்காதவர்களும் அவர்களில் இருந்தனர். அவர்களுக்கு ஏறத்தாழ 300 மணி நேரப் பயிற்சி தரப்பட்டது. ‘இவர்களால் ஆகாது’ என்ற ஊரே பின்னர் அவர்கள் வண்டியைக் கேட்டு அழைத்தது. 1975இல் நகராட்சி தன் சொந்தச் சேவையைத் தொடங்கி இதை மூடிவிட்டது; முன்னோடிகளில் பலர் புதிய சேவையில் ஓரங்கட்டப்பட்டனர். பயிற்சி முறை மட்டும் நாடெங்கும் பரவியது. இதை நான் நன்றிகெட்ட செயல் என்றே சொல்வேன்.

இப்பணியில் பகலும் இரவுமாகப் பன்னிரண்டு மணி நேர முறை. ஆகவே விண்ணப்பிக்க எண்ணும் நண்பர்கள் உடலையும் உறக்கத்தையும் கணக்கில் கொள்ளவேண்டும். நோயாளியை மருத்துவமனையில் சேர்த்ததும் பணி தீர்வதில்லை. என்ன கண்டோம், எந்த நேரத்தில் என்ன செய்தோம் என்று எழுதிக் கையெழுத்திட்டு ஒப்படைக்கவேண்டும். பிறகு தள்ளுபடுக்கையைத் துடைத்து, பிராணவாயு உருளையில் எவ்வளவு மிச்சம் என்று பார்த்தாக வேண்டும். அதற்குள் அடுத்த அழைப்பு வந்திருக்கும்.