பீலி ஏன் திரும்பத் திரும்ப ஒழுகுகிறது?

ஒக்டோபரில் முதல் பெருமழை விழும்போதுதான் மதுரங்குளியின் பழைய ஓட்டு வீடுகளில் பீலி கெட்டுக் கிடப்பது தெரியவரும். சுவரில் ஈரம் இறங்கும், கூரை ஓரப் பலகை உக்கும். உடனே தார் வாங்கி ஓட்டையில் அப்புவார்கள். அடுத்த வருட மழைக்கு அதே பீலி, கொஞ்சம் தள்ளி இன்னோரிடத்தில் ஒழுகும். ஓட்டையை அடைத்தார்களே தவிர, அதை உண்டாக்கிய காரணத்தை யாரும் தேடவில்லை.

தகரப் பீலி என்பது நாகம் பூசிய இரும்புத் தகடு. இந்த முறைக்கு 1837இல் பிரான்சில் ஸ்டானிஸ்லாஸ் சொரெல் காப்புரிமை பெற்றார். இரும்புக்கு முந்தி நாகம் அரிபடும். அது இருக்கும்வரை இரும்பு துருப்பிடிக்காது. களப்பும் கடலும் உப்பளங்களும் உள்ள புத்தளக் கரையில் காற்றோடு உப்பும் வருகிறது. உப்பு ஈரத்தைப் பிடித்து வைத்து நாகத்தைச் சீக்கிரம் தீர்த்துவிடும். போதாததற்குத் தென்னம்பூவும் குரும்பட்டியும் விழுந்து மக்கி, மழை விட்ட பிறகும் பீலியின் அடியை நனைத்தே வைத்திருக்கும். துரு தொடங்குவது அங்கேதான்.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது சரிவு. 2 மீற்றருக்கு 1 சென்ரிமீற்றர் இறக்கம் போதும். கொளுக்கி தளர்ந்து பீலி தொய்ந்திருந்தால் தண்ணீர் ஓடாமல் தேங்கும். தேங்கிய தண்ணீர் துருவோடு நுளம்பையும் வளர்க்கும். இலங்கையில் 186,000க்கும் மேற்பட்டோருக்கு டெங்கு கண்ட 2017ஐ மறந்திருக்க மாட்டோம். நூல் கட்டி மட்டம் பார்த்து, கொளுக்கிகளை ஏற்றி இறக்கிச் சரிவைச் சரிசெய்த பிறகே ஓட்டைக்குப் போக வேண்டும்.

குப்பையை அள்ளிக் கழுவிக் காயவிட்டு, நல்ல வெயிலில் கீழே நின்று அண்ணாந்து பாருங்கள். ஊசித் துளைகூட வெளிச்சப் புள்ளியாகத் தெரியும். பொருத்துகளைச் சோதிக்க ஒரு வாளி தண்ணீர் ஊற்ற வேண்டும். சொட்டுகிற இடத்தை நம்பக் கூடாது. கசிந்த தண்ணீர் பீலியின் அடிப்புறமாக ஓடி, தாழ்ந்த இடத்தில்தான் சொட்டும். சில வீடுகளில் பீலியில் ஓட்டையே இருக்காது. ஓட்டின் விளிம்பை ஒட்டியபடி தண்ணீர் பின்பக்கம் வழிந்து பலகையை நனைக்கும். கடைசி ஓட்டு வரிசைக்கு அடியிலிருந்து பீலிக்குள் இறங்குமாறு ஒரு தகரப் பட்டையை மடித்து வைத்தால் அது நின்றுவிடும்.

பொருத்து விட்டிருந்தால் கம்பித் தூரிகையால் துருவைச் சுரண்டி, துடைத்து, சிலிக்கன் பசை பூசலாம். வினாகிரி மணம் வீசும் பசை தகரத்துக்கு ஆகாது. அதிலிருந்து வரும் அசற்றிக் அமிலம் நாகத்தை அரிக்கும். அமிலம் விடாத வகை கடையில் உண்டு, கேட்டு வாங்க வேண்டும். சிறு துளைக்கு ஈயம் பற்றவைக்கலாம். ஆணி நுனியால் அழுத்தும்போது தகரம் பொரிந்து உள்ளே போனால் ஒட்டுப் போடுவது வீண் செலவு. அந்தத் துண்டையே மாற்ற வேண்டும்.

பிளாஸ்டிக் பீலிக்கு உப்புப் பயமில்லை, வெயில்தான் பயம். இரவுக் குளிருக்கும் நண்பகல் சூட்டுக்கும் இடையில் 4 மீற்றர்த் துண்டொன்று பல மில்லிமீற்றர் நீண்டு சுருங்கும். நீள இடம் விடாமல் இரு முனையையும் இறுக்கி ஒட்டினால் பொருத்து பிளந்துவிடும்.

இவ்வளவு பாடும் சுவருக்காக மட்டுமல்ல. 100 சதுர மீற்றர் கூரையில் 50 மில்லிமீற்றர் மழை பெய்தால் 5,000 லீற்றர் தண்ணீர் விழுகிறது. கிணறு உவர்த்த வீட்டுக்கு அது பெரிய வரவு. மழைநீர் சேகரிப்புக்கென்று 2005இல் நாட்டில் தேசியக் கொள்கையும் வந்தது. குடிக்கப் பிடிப்பதானால் பீலியில் தாரோ ஈயமோ இருக்கக் கூடாது. கூரையைக் கழுவி வரும் முதல் தண்ணீரைத் தொட்டிக்குள் விடாமல் வெளியே திருப்பிவிட வேண்டும். வேலையைச் செப்டெம்பருக்குள் முடித்துக்கொள்ளுங்கள். மழை தொடங்கிவிட்டால் எந்தப் பசையும் ஈரத் தகரத்தில் சரியாகப் பிடிக்காது.