நுண்கடனும் ஐந்தொகையும்: வன்னி நோக்கில் ஒரு குறிப்பு

கிளிநொச்சியில் ஒரு பெண் பெறும் நுண்கடன், அதை வழங்கிய கம்பனியின் ஐந்தொகையில் நிதிச் சொத்தாகும். அவளுக்கோ அது பொறுப்பு. 2018 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த இலங்கை நிதி அறிக்கையிடல் நியமம் 9, நட்டம் நேரும்வரை காத்திராது, கடன் வழங்கிய காலந்தொட்டே எதிர்பார்க்கும் நட்டத்துக்கு ஏற்பாடு செய்யப் பணிக்கிறது. தவணை 30 நாள் பிந்தின் கடனிடர் பெருகியதாகவும், 90 நாள் பிந்தின் கடன் தவறியதாகவும், மறுத்துக் காட்டப்படாவிடத்து, கொள்ளப்படும்.

இங்கு மயக்கம் நேர்வதுண்டு. அறவிட முடியாக் கடனெனக் கம்பனி தன் ஏட்டிலிருந்து நீக்கினாலும், கடனாளியின் பொறுப்பு அதனால் ஒழிவதில்லை. கணக்காளர் இதனை நன்கறிவர். கடனாளிக்கு எடுத்துரைப்பார் அரியர். கடனைச் செலுத்தினாலோ, சட்டப்படி விடுவிக்கப்பட்டாலோ, அது காலாவதியானாலோதான் பொறுப்பு நீங்கும். 2018இல், வன்னி உள்ளிட்ட வறட்சியுற்ற 12 மாவட்டங்களின் பெண்கள் பெற்ற, ஓர் இலட்சம் ரூபாவுக்கு மேற்படாத நிலுவை நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசு முன்வந்தமை, இவற்றுள் இரண்டாவது வகையைச் சார்ந்தது.